டைரியில் வந்த துண்டுச்சீட்டு: 2017 தட்டம்மை–ரூபெல்லா முகாமில் பெற்றோர் எடுத்த முடிவுகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2017 பிப்ரவரி முதல் வாரத்தில், அப்போது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளின் பள்ளி டைரியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டப்பட்டு வந்தது. ‘தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட எனக்குச் சம்மதம் / சம்மதம் இல்லை’ என்று ஒரு வரி, அதன் கீழே கையொப்பத்துக்கு ஒரு புள்ளிக்கோடு, நாளைக்கே திருப்பி அனுப்புமாறு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அது என்ன மருந்து, எதற்காகப் போடுகிறார்கள், ஏற்கெனவே போட்டுக்கொண்ட பிள்ளைக்கும் போடலாமா, காய்ச்சலில் இருக்கும் பிள்ளையை என்ன செய்வது என்பதைப் பற்றியெல்லாம் ஒரு சொல்கூட இல்லை. அன்று மாலைக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒரு குரல்பதிவில் இத்தனை கேள்விகளுக்கும் பதில் இருந்தது. அத்தனையும் தவறான பதில்.

அந்த முகாமைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பயந்துவிட்டார்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். என் வகுப்புப் பெற்றோரிடமும் என் சொந்த ஊரிலும் நான் கண்டவரை, வதந்தி வருவதற்கு முன்பே கேள்விகள் இருந்தன. அவற்றுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் வதந்தி வந்து உட்கார்ந்தது.

முகாம் ஏன் வந்தது

மத்திய அரசு இந்த முகாமை 2017 பிப்ரவரி 5 அன்று பெங்களூரில் தொடங்கி வைத்தது. முதல் கட்டத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்கள் சேர்க்கப்பட்டன. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் 15 வயது நிறையாத பிள்ளை வரை எல்லோருக்கும், முன்பு போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு ஊசி என்பதே திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள் இந்த வயதுக்குள் வந்தார்கள். இத்தனை பேருக்கும் சில வாரங்களில் போட்டு முடிக்க வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு வழியில்லை என்பதால், பொது சுகாதாரத் துறை முதலில் பள்ளிகளையும், பிறகு அங்கன்வாடிகளையும் துணை சுகாதார நிலையங்களையும் எடுத்துக்கொண்டது.

தட்டம்மையை நம் வீடுகளில் பெரிய நோயாக எண்ணியதில்லை. மணல்வாரி என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அம்மா இறங்கிவிடுவாள் என்று வளர்ந்த தலைமுறைதான் என் தாயாருடையது. பிழைத்தவர்கள் சொல்லும் கதை அப்படித்தான் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2015-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 49,000-க்கும் மேற்பட்டோர் தட்டம்மையால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் குழந்தைகள். நேரடியாக அம்மையால் இறப்பதைவிட, அதைத் தொடரும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறப்பதே அதிகம் என்பதால், ஊரார் நினைவில் அவை அம்மைச் சாவுகளாகப் பதிவதில்லை.

ரூபெல்லாவின் கதை வேறு. அது பிள்ளையை அதிகம் படுத்தாது. லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, அதோடு சரி. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால்தான் அதன் உண்மையான முகம் தெரியும்: வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் அது தாக்கும். 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார் கர்ப்ப காலத்தில் ரூபெல்லாவுக்கு ஆளானவர்கள் என்பதைக் கவனித்த பிறகே இது உலகுக்குத் தெரிய வந்தது. நம் ஊரிலும் இதைக் கவனித்தவர்களில் கண் மருத்துவர்கள் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பிறவி ரூபெல்லாவைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்ந்திருக்கிறது.

‘ரூபெல்லா கர்ப்பிணிகளுக்குத்தான் ஆபத்து என்றால் என் எட்டு வயதுப் பையனுக்கு எதற்கு?’ என்று பள்ளி வாசலில் ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடை கிரீஸ் நாட்டில் இருக்கிறது. அங்கே 1970-களின் நடுப்பகுதியிலிருந்தே ரூபெல்லா தடுப்பூசி கிடைத்தாலும், 1980-களில் பாதிப் பிள்ளைகளுக்குக்கூட அது போய்ச் சேரவில்லை. ஓரளவு பேர் போட்டுக்கொண்டதால் கிருமியின் நடமாட்டம் குறைந்தது. குறைந்ததால், போட்டுக்கொள்ளாத பெண்பிள்ளைகள் சிறுவயதில் நோய்க்கு ஆளாகாமல், எதிர்ப்பாற்றல் இல்லாமலே தாயாகும் வயதை எட்டினார்கள். 1993-இல் நோய் மீண்டும் பரவியபோது பிறவி ரூபெல்லாவோடு குழந்தைகள் பிறந்தார்கள். அரைகுறையாகப் போடப்படும் ரூபெல்லா ஊசி, போடாமலே இருப்பதைவிடக் கேடாக முடியக்கூடும் என்பதுதான் அந்தப் பாடம். பையன், பெண் என்ற பேதம் இல்லாமல் 15 வயது வரை ஒரே வீச்சில் போட வேண்டும் என்று திட்டமிட்டது இதனால்தான். இதை விளக்க நான்கு வரி போதும். அந்த நான்கு வரிகூட இல்லாமல் எங்கள் துண்டுச்சீட்டின் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

எந்த நேரத்தில் வந்தது

முகாம் தமிழ்நாட்டில் பிப்ரவரி 6 அன்று தொடங்கியது. மறுநாள் இரவு ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதாவின் நினைவிடத்துக்குப் போய்க் கண்மூடி அமர்ந்தார். அந்த நிமிடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு, தமிழ்நாட்டின் காதுகள் அனைத்தும் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் விடுதியின் வாசலில் இருந்தன. சுகாதாரத் துறையின் அறிவிப்பைக் கேட்க ஒரு காது மிச்சமில்லை.

அதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது வெளிவந்த அறிக்கைகளை மக்கள் நம்பவில்லை. நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து எல்லோரையும் ஏ.டி.எம். வாசலில் நிறுத்தியது. ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர் கூட்டம், அந்நிய அமைப்புகளும் அந்நியப் பானங்களும் நம் மரபை அழிக்கின்றன என்ற பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்திருந்தது. அந்தச் சூட்டில் அடுத்த பதினைந்து நாளில் ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் ஒரு ஊசி’ என்று அரசு சொன்னால், அது எப்படிக் கேட்கும்? நாட்டு மாட்டுக்கு வந்தது நம் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்றுதான் கேட்டது. அதற்கு மேல் மார்ச் மாதம் பொதுத்தேர்வு. தேர்வுக்கு முன்பு காய்ச்சல் வந்தால் என்னவாகும் என்ற கவலைக்கு எந்த வதந்தியின் துணையும் தேவைப்படவில்லை.

வதந்தியும் கேள்வியும்

எங்கள் குழுக்களில் சுற்றியவற்றைத் தொகுத்துச் சொன்னால்: இந்த ஊசி ஆட்டிசத்தை உண்டாக்கும், பெண்பிள்ளைகளைக் கருத்தரிக்க முடியாமல் ஆக்கும், வெளிநாட்டில் தடைசெய்யப்பட்டதை நம் பிள்ளைகளிடம் சோதிக்கிறார்கள், அதில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் பற்றிய பேச்சுக்கு விடை எளிது. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்ட ஊசி என்பதால் பாதரசப் பதப்படுத்தி இதில் சேர்க்கப்படுவதே இல்லை. மருந்து வெளிநாட்டிலிருந்து வந்ததும் இல்லை. புனேயின் சீரம் நிறுவனத்தில் தயாரானது, உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று பெற்றது. ஆட்டிசம் பற்றிய பேச்சு, 1998-இல் லண்டனில் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து முளைத்தது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது; எழுதிய முதன்மை மருத்துவர் அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்.

இவற்றை மறுப்பது சுலபம், அரசும் மறுத்தது. வதந்தி பரப்புவோர் மீது நடவடிக்கை என்ற எச்சரிக்கையும் வந்தது. ஆனால் என்னுடன் பள்ளி வாசலில் நின்ற தாய்மார் கேட்டது இவை எதையும் அல்ல. ‘என் பிள்ளைக்கு எம்.எம்.ஆர். ரெண்டு டோஸும் போட்டாச்சே, இது எதுக்கு?’ என்பதுதான் அவர்களின் கேள்வி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரசின் இலவசத் திட்டத்தில் அதுவரை தட்டம்மை ஊசி மட்டுமே இருந்தது, ரூபெல்லா இல்லை. தனியார் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தான் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். கிடைத்தது. ஆகவே இந்த முகாமைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களில் கணிசமானவர்கள், தம் பிள்ளைக்கு ஓர் ஊசியையும் தவறவிடாமல் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களே. இவர்களைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் என்று அழைத்தது பெரும் பிழை.

பள்ளியில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது கிடைத்த பதில், ‘படித்தவர்களே வதந்தியை நம்பலாமா?’ என்பது. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இரண்டு பேர் ‘சம்மதம் இல்லை’ என்பதைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். வதந்தியால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை, அவமானத்தால் செய்தார்கள்.

எனக்கு விடை கிடைத்தது, என் மகளைக் குழந்தையிலிருந்தே பார்த்துவரும் மருத்துவரிடம். தொலைபேசியில் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். “உங்க பொண்ணுக்கு அவசியமான்னு கேட்டா, அவசியம் இல்லம்மா. ஆபத்தான்னு கேட்டா, அதுவும் இல்ல. ஏற்கெனவே உடம்புல எதிர்ப்பு இருந்தா, இந்தக் கிருமி உள்ள போனதுமே அடங்கிடும். ஆனா வாசல்ல நின்னு ஒண்ணே முக்கால் கோடி அட்டையை யாரு பார்க்கிறது? பார்க்க ஆரம்பிச்சா பாதி அட்டை வீட்டுல இருக்கும், மீதி தொலைஞ்சிருக்கும்” என்றார். பிறகு ஒரு கணக்கும் சொன்னார்: ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் மிச்சமிருப்பதால், நூறில் சுமார் 85 பேருக்கே பிடிக்கிறது. தட்டம்மை பரவாமல் நிற்க வேண்டுமானால் நூறில் 95 பேருக்காவது எதிர்ப்பு இருக்க வேண்டும். பிடிக்காமல் போனவர் யார் என்பது வெளியே தெரியாததால், எல்லோருக்கும் இன்னொரு வாய்ப்புத் தருவதே முகாமின் தருக்கம்.

அந்த மருத்துவர் செய்ததில் நான் மதிப்பது, ‘உங்கள் மகளுக்கு அவசியமில்லை’ என்ற உண்மையை மறைக்காமல் முதலில் சொன்னதை. ஊரின் நலனையும் தன் பிள்ளையின் நலனையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்லும் அறிவிப்புகளைப் பெற்றோர் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்து வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கேடில்லை, ஊருக்குத் தேவை என்று சொன்னபோது எனக்கு முடிவெடுப்பது எளிதாயிற்று. சம்மதம் என்பதைச் சுழித்துக் கையெழுத்திட்டேன். மகள் இடதுகைக் கட்டைவிரல் நகத்தில் மையோடு வீட்டுக்கு வந்து, தான் ஓட்டுப் போட்டுவிட்டதாகப் பெருமை அடித்துக்கொண்டாள்.

இதற்கு இணையான நேர்மையை மறு ஆண்டு இந்தோனேசியாவில் கண்டோம். அங்கும் சீரம் நிறுவனத்தின் ஊசியே போடப்பட்டது. தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் பயன்படுகிறது என்று அந்நாட்டு இஸ்லாமிய அறிஞர்களின் உலமா மன்றம் 2018 ஆகஸ்டில் வெளிப்படையாகச் சொல்லி, ஆகாதது என அறிவித்து, ஆனாலும் மாற்று மருந்து இல்லாத நெருக்கடியில் போட்டுக்கொள்ளலாம் என்று அதே தீர்ப்பிலேயே அனுமதித்தது. அப்படியும் ஆச்சே போன்ற மாகாணங்களில் பெரும்பாலோர் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நேர்மையாகப் பேசினால் எல்லோரும் கேட்பார்கள் என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை.

திருவள்ளூரின் நினைவு

என் சொந்த ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே துணை சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிராம சுகாதார செவிலியரை ஊரே நர்ஸக்கா என்றுதான் அழைக்கும். முகாமின் மூன்றாவது வாரத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, அவரோடு ஒரு பிற்பகல் நடந்தேன். கையில் நீள நோட்டு. வீட்டுக்கு ஒரு வரி. போட்டுக்கொண்ட பிள்ளைக்கு ஒரு குறி, மறுத்த வீட்டுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம். “உன் அக்கா புள்ளைங்களுக்கு எல்லா ஊசியும் போட்டது யாரு? நான்தானே. என் மூஞ்சியைப் பார்த்துத்தான் கை நீட்டுச்சுங்க, மருந்தைப் பார்த்து இல்ல” என்றார்.

வட்டமிட்ட வீடுகளில் பல, இரண்டாம் முறை அவர் படியேறியதும் இணங்கின. ஒரு வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளின் தந்தை, செங்கல் சூளையில் வேலை. அவரிடம் இருந்த கைப்பேசியில் வாட்ஸ்அப்பே கிடையாது. “உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லக்கா. அன்னைக்கும் நம்பித்தானே தூக்கிட்டுப் போனாங்க” என்றார். என்றைக்கு என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாளிலேயே நான்கு கைக்குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு, கிராமத்துக்கு நேரில் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளைகளை வரச் சொன்னது; பிறகுதான் படிப்படியாகத் துணை நிலையங்களுக்குத் திரும்பியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் புதன்கிழமை தோறும் தெருமுனைக்கு வந்த ஊசிக்காக இப்போது பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள்: 2005–06-இல் தமிழ்நாட்டில் எல்லா அடிப்படை ஊசிகளும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 81 சதவீதம், 2015–16-இல் அது 70 சதவீதமாக இறங்கியது. அதே காலத்தில் நாடு முழுவதற்குமான அளவு 44-இலிருந்து 62-க்கு ஏறிக்கொண்டிருந்தது. இந்த இறக்கத்துக்கு 2008 ஒன்றையே காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை விட்டுவிட்டு இந்த எண்ணைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. 2019–21 ஆய்வில் 89 சதவீதமாக மீண்டது.

ஆக, அந்தத் தந்தையின் தயக்கத்துக்கு வேர் ஒரு பொய்யில் இல்லை, நடந்த ஒரு துயரத்தில் இருந்தது. அதை ‘வதந்தி’ என்ற பட்டியலில் சேர்த்தால், அவரிடம் பேசவே முடியாது.

பிறகு நடந்தவை

பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாம், தமிழ்நாட்டில் மார்ச் நடுப்பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. ஐந்து இடங்களிலும் சேர்த்து 3.33 கோடிப் பிள்ளைகளுக்கு, அதாவது இலக்கில் 97 சதவீதம் பேருக்கு, ஊசி போடப்பட்டதாக மத்திய அரசு பின்னர் அறிவித்தது. தொடக்க வாரங்களின் தயக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மீட்சிதான். அதைச் செய்து முடித்தவர்கள் நீள நோட்டோடு படியேறி இறங்கியவர்கள்.

சம்மதச் சீட்டின் கதையும் அதோடு முடியவில்லை. டெல்லியில் இதே ஊசியைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலே பள்ளிகளில் போட முற்பட்டபோது வழக்கு எழுந்தது. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், சம்மதம் தேவையில்லை என்ற அரசின் வாதத்தை ஏற்க மறுத்து, ஊசியின் பயனோடு அதன் பக்கவிளைவுகளையும், யாருக்குப் போடக்கூடாது என்பதையும் விளம்பரங்களில் சொல்ல வேண்டும் என்றது. எங்கள் சீட்டின் பின்பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவையும் இவையே.

செங்கல் சூளைத் தந்தையிடம் நர்ஸக்கா அன்று வாதாடவில்லை. மறுநாள் அவரைத் துணை நிலையத்துக்கு வரச்சொல்லி, பிள்ளைகள் இல்லாமல் தனியாக உட்கார வைத்தார். மருந்துக் குப்பியையும், அதைக் கரைக்க அதே நிறுவனம் சேர்த்து அனுப்பும் நீரையும் கையில் கொடுத்தார். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் வேறு எந்த மருந்தையும் வைக்கக்கூடாது என்ற விதியைச் சொல்லி, பெட்டியைத் திறந்தே காட்டினார். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதுவதும், நான்கு மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைத் தூக்கி எறிவதும், போட்ட பிறகு அரை மணி நேரம் பிள்ளையை அங்கேயே உட்கார வைப்பதும் எதற்காக என்று விளக்கினார். கடைசியாக, ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம், வந்தால் தன்னை எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று தன் கைப்பேசி எண்ணை ஒரு பழைய அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

முகாம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கையில் பெரிய பெண்ணை மட்டும் அழைத்து வந்து போட்டுக்கொண்டு போனாராம். ஒன்றரை வயதுச் சின்னவளைப் பற்றி நர்ஸக்கா எதுவும் கேட்கவில்லை. பதின்மூன்றாம் நாள் காலையில், நிலையத்தின் கதவைத் திறப்பதற்கு முன்பே, சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.